குக்கரின் ஐ.எஸ்.ஐ. முத்திரை அசலா? போனிலேயே பார்ப்பது எப்படி, புகார் கொடுப்பது எப்படி

பக்கத்து வீட்டு அக்கா புதிதாக வாங்கிய குக்கரின் முத்திரையைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். அதற்குச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். முத்திரை பொய்யாக இருந்தால், அந்தக் குக்கர் எந்தச் சோதனையும் இல்லாமல் அடுப்பில் ஏறுகிறது என்று அர்த்தம்.

முதலில், ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு உரிமம் கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்-இன் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) 'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

அடுத்து எண்ணைத் தேட வேண்டும். எனக்கு நேரம் போனது இங்கேதான். முத்திரைக்கு மேலே 'ஐ.எஸ். 2347' என்று இருக்கும். அது எல்லாக் குக்கருக்கும் பொதுவான தர எண். அதைப் போட்டால் ஒன்றும் வராது. முத்திரைக்குக் கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்குவதுதான் அந்தத் தொழிற்சாலையின் உரிம எண். அதைத்தான் போட வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் கொஞ்சம் கோலமாவைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் மாவு தங்கி எண் பளிச்சென்று தெரியும். பெட்டியில் மட்டும் முத்திரை இருந்து பாத்திரத்தில் இல்லையென்றால், நான் அதை வாங்கவே மாட்டேன்.

செயலியில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணைக் கொடுங்கள். விவரம் வந்துவிட்டது, போதும் என்று மூடிவிடாதீர்கள். கம்பெனி பெயர், முகவரி, உரிமம் நடப்பில் உள்ளதா, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என நான்கையும் பாருங்கள். வேறு பொருளுக்கு வாங்கிய எண்ணைக் குக்கரில் அடித்திருந்தால் அதுவும் போலிதான்.

பொருந்தவில்லையா? குக்கரைக் கடையில் திருப்பிக் கொடுக்கும் முன் முத்திரை, பெட்டி, பில் மூன்றையும் படமெடுங்கள். முத்திரை பற்றிய புகாரை அதே செயலியில் கொடுக்கலாம். போனில் சொல்வதைவிட இதுவே மேல். படமும் சேர்ந்து போகும், புகார் எண்ணும் கையில் இருக்கும். பணம் திரும்ப வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரமில்லாத 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி அமேசானுக்கு உத்தரவிட்டது. ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. ஆன்லைனில் வாங்கியவர்களின் விவரம் கம்பெனியிடம் இருந்ததால் அவர்களுக்குத் தகவல் சொல்ல வழி இருந்தது. கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கினால் யார் தேடி வந்து சொல்வார்கள்? அதனால் பில்லில் உங்கள் போன் எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: சார்ஜரில் சி.எம்/எல் எண் இல்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்குப் பதிவு எண்தான். 'ஆர்-' என்று தொடங்கும். அதே செயலியில் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.