டர்போ இல்லாமல் ஒரு பழைய எஸ்டீம்: இன்ஜின் கட்டும் முறை

கோயம்புத்தூரில் பழைய மாருதி எஸ்டீம் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடலாம்?" என்பதுதான். அதற்கு முன் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வெர்னியரும் வாங்குங்கள், முடிந்தால் போரை, அதாவது சிலிண்டர் துளையை, அளக்கும் போர் கேஜ் ஒன்றை இரவல் கேளுங்கள் என்று சொல்வேன். டர்போ இல்லாத இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்க எதுவும் கிடையாது. வெளிக்காற்று தன் அழுத்தத்தால் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான். நம் ஊர் சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதிலேயே 5 சதவீதம் போய்விடுகிறது. ஊட்டிக்கு ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு. கிடைத்த காற்றை பிஸ்டன் ரிங்கிலும் வால்விலும் கசியவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் நான் பணம் செலவழிப்பேன்.

16 வால்வு எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கும்) எஸ்டீமின் 1,298 சிசி இன்ஜின் குறைந்த செலவில் கட்ட ஏற்றது. 85 பிஎச்பி, வண்டியின் எடையோ 900 கிலோவுக்கும் குறைவு. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருப்பதால், எஸ்டீம் இன்ஜினைப் பிரித்துக் கைதேர்ந்தவர்கள் இங்கே இன்னும் உண்டு.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் எழுப்பும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் முழுதாக மிதித்திருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகியுங்கள்.

என் முதல் இன்ஜினில் இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொண்டேன். ரிங் தேய்மானம் என்று தெரிந்ததும் புது ரிங் செட் வாங்கி, போரை அளக்காமலே மாட்டினேன். 3,000 கிலோமீட்டருக்குள் நீலப் புகை. மறுபடி பிரித்து அளந்தபோது மேலே இருந்த விட்டத்துக்கும் கீழே இருந்த விட்டத்துக்கும் 0.12 மி.மீ. வித்தியாசம். கூம்பாகிப்போன குழாயில் வட்டமான ரிங் என்ன செய்யும்? ஒவ்வொரு போரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதிக்கொண்டு, அதன் பிறகு பிஸ்டன் வாங்குங்கள்.

என்னுடையதை 0.50 மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டனுக்கு ஏற்ப ரீபோர் செய்தேன், அதாவது சிலிண்டரைக் கடைந்தேன். 74 மி.மீ. போர் 74.5 ஆகும்போது கொள்ளளவு 1,298-இலிருந்து 1,316 சிசி ஆகிறது. அந்த 18 சிசியால் வண்டி பறக்கப் போவதில்லை. ரீபோர் செய்வது வட்டத்தை மீட்பதற்காகத்தான். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பக் கடையச் சொல்லுங்கள். அளக்காமல் கடையும் பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ரிங் இடைவெளிக்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்குங்கள். ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் கீழே தள்ளினால் ரிங் சாயாமல் நேராக உட்காரும். இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். இந்தப் போருக்கு மேல் ரிங்கில் 0.30 மி.மீ. வைக்கிறேன். அதைவிட நெருக்கமாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் சிலிண்டரைக் கீறிவிடும். மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும், வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி இழுத்து அராவுங்கள். இரண்டு இழுப்பு, ஓர் அளவு, மறுபடி இரண்டு இழுப்பு. முடிந்ததும் விளிம்பில் நிற்கும் பிசிரை எண்ணெய்க் கல்லில் தடவி எடுங்கள். எந்த ரிங் எந்த சிலிண்டருக்கு என்று எழுதி வையுங்கள்.

வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டில், வால்வு உட்காரும் சீட்டை மூன்று கோணங்களில் வெட்டச் சொல்லுங்கள். காற்று போய்வரும் போர்ட்டுகளைக் குடைந்து பெரிதாக்க வேண்டாம். கேஸ்கெட் விளிம்பில் துருத்தும் படியை மட்டும் சமன் செய்தால் போதும்.

கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, கம்பெனியிலிருந்து வரும்போது 9.5. நான் 10-க்கு மேல் போகவில்லை. இங்குள்ள ஏப்ரல் வெயிலில் நெரிசலில் நிற்கும் வண்டி இது. கணக்கு எளிது: 74.5 போரில் ஒரு சிலிண்டர் 329 சிசி. அதை 9-ஆல் (விகிதம் 10-இல் ஒன்று கழித்து) வகுத்தால் 36.6 சிசி, பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்ச வேண்டிய இடம் இவ்வளவு. பழைய 38.2-இலிருந்து 1.6 சிசி குறைத்தாக வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் நிரப்பி நான்கு அறைகளையும் அளந்தேன். அறைக்கு அறை 0.9 சிசி வரை வித்தியாசம் இருந்தது. சிறிய அறைகளை மெல்லத் தேய்த்து நான்கையும் சமப்படுத்தினேன். பிறகு தகட்டை எடுத்துவிட்டு 1.6 சிசி குறைவாக நிரப்பி, எண்ணெய் மட்டம் ஹெட் முகத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்தேன். சீவ வேண்டிய கனம் அதுதான். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ஹெட் சீவியபின் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே போதிய இடம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, டைமிங் பெல்ட் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளந்தால், இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும்.

எக்ஸாஸ்டுக்கு 4-2-1 குழாய்: நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2 என்பதால் 1-ஐயும் 4-ஐயும் சேருங்கள். 2-ஐயும் 3-ஐயும் சேருங்கள். காற்றுக்குப் பழைய ஃபில்டர் பெட்டியே நல்லது. பானட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் வைத்தால், 35 டிகிரி காற்றுக்குப் பதில் 60 டிகிரி காற்றை இழுக்கும். அடர்த்தி 7 சதவீதத்துக்கும் மேல் குறையும்.

பெட்ரோலையும் கவனியுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் இன்ஜினுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. முழு ஆக்ஸிலரேட்டரில் கலவையில் பெட்ரோல் குறைந்து வறண்டு போகாமல் இருக்கிறதா என்று, புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டிப் பாருங்கள். பழைய ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் அவற்றை ஊறவைத்து விரிசல் விடச் செய்யும்; சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை கிராங்க் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் வைத்து உறுமவிட வேண்டாம். கசிவு எதுவும் இல்லையென்றால் உடனே சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். மூன்றாம் கியரில் 2,500-இலிருந்து 4,500 வரை மிதித்து, காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறையவிடுங்கள். இப்படிப் பதினைந்து இருபது முறை. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைப் போரோடு அழுத்திப் படிய வைக்கிறது. சாதாரண மினரல் ஆயில் போதும். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் இன்னொருமுறை மாற்றுங்கள். முதல் ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி வருவது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதில் ஒன்று இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு அடியிலுள்ள ஆயில் தொட்டியை (சம்ப்) கழற்றுங்கள்.