ரேப்போடு உரிந்து வந்த பெயின்ற்: என் அனுபவம்

1/72 அளவுப் பிளாஸ்ரிக் மொடல் விமானம் ஒன்றுக்கு அக்ரிலிக் பெயின்ற் அடித்து, உருமறைப்பு நிறங்களுக்கு மாஸ்கிங் ரேப் (நிறம் படக்கூடாத இடத்தை மறைக்கும் ஒட்டுநாடா) ஒட்டிக் கழற்றினால் பெயின்ற்றும் கூடவே வந்தது. ரேப்பின் பசையைக் கையில் ஒட்டிக் குறைத்துப் பார்த்தேன், இரண்டு நாள் காயவிட்டேன், பலனில்லை.

பிளாஸ்ரிக் வழவழப்பானது, அக்ரிலிக் அதில் கடிக்காது. அதனால் முதலில் லக்கர் வகைச் சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். அதன் கரைப்பான் மேற்பரப்பைச் சற்று இளக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பகுதி சரி வந்தது. ஆனால் இறக்கையில் அங்கங்கே பிரைமரோடு சேர்ந்து உரிந்தது.

உரிந்த பெயின்ற் சில்லைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் மெல்லிய வெள்ளை வளையம். பாகங்களைக் கழுவியபோது நின்ற தண்ணீர்த்துளி காய்ந்த அச்சு! வன்னியில் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கல்தண்ணீர் என்பது கேத்தில் அடியைப் பார்த்தாலே தெரியும். சவர்க்காரமும் அதோடு சேர்ந்தால் படலம் கட்டும்.

இப்போது பாகங்களை, அவை வார்த்து வரும் பிளாஸ்ரிக் சட்டத்திலிருந்து வெட்டாமலேயே, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன். கடைசி அலசலுக்குக் கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் (உப்பு நீக்கிய தண்ணீர், அசிட் அல்ல), அரைப் போத்தல் போதும். துடைக்காமல் நிழலில் காயவிட வேண்டும். பிறகு பிரைமர், 20 சென்ரிமீற்றர் தள்ளி, இரண்டு மெல்லிய பூச்சு. சோழகம் வீசும் நேரத்தில் வெளியே அடித்தால் துளி வழியிலேயே காய்ந்து மண்போலச் சொரசொரக்கும், விடியப்புறம் அடியுங்கள். ஒரு நாள் விட்டு அக்ரிலிக். அதே ரேப், ஒரு சில்லும் வரவில்லை.

ரேப் ஒட்டாத, கை படாத ஒற்றை நிற மொடலுக்குப் பிரைமர் இல்லாமலும் சமாளிக்கலாம். கழுவாமல் முடியாது.