பண்ணைக் கடலில் நீண்ட எக்ஸ்போஷர்: முதல் படம் எடுப்பது எப்படி?

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் ஒரு மாலை கமரா வைக்கும் முக்காலியான ட்ரைபொட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். வலையைத் தோளில் போட்டபடி கரையேறிய ஒருவர் என் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“என்ன தம்பி, காணியெல்லாம் அளந்து முடிஞ்சுதெண்டு கடலையும் அளக்க வெளிக்கிட்டியளோ?”

“இல்லை அண்ணை, படம் எடுக்கிறன். அரை நிமிசம் பொறுங்கோ.”

“ஒரு படத்துக்கு அரை நிமிசமோ!”

ஆம், அரை நிமிடம்தான். சாதாரணமாகக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மூடிவிடும் ஷட்டரை அவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம். அதற்குள் அசைகிறதெல்லாம் கரைந்து பஞ்சாகிவிடும். அசையாதது மட்டும் கூர்மையாக நிற்கும். சிற்றலையாகக் கிடந்த கடல் படத்தில் பாலாடை விரித்ததுபோலத் தெரிவது இதனால்தான்.

கமரா வாங்கிக் கொஞ்ச நாளாகிறது, ட்ரைபொட்டும் இருக்கிறது, ஆனால் கமராவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ‘ஓட்டோ’ நிலையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அசையாததைத் தேடுங்கள்

இணையத்தில் இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் பாறையில் மோதிச் சிதறும் பேரலைகளாக இருக்கும். நம் கடல் அப்படியல்ல. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே கடல்நீரேரி, இரண்டுமே ஆழம் குறைந்தவை. வாடைக்காற்றுக் காலம் தவிர்ந்த நாட்களில் பெரிய அலையை எதிர்பார்த்துப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நமக்கு வாய்த்தது அமைதியான நீர். அந்த நீரின் நடுவே அசையாமல் நிற்கும் ஒன்று கிடைத்தால் படம் பாதி முடிந்த மாதிரி.

என் முதல் முயற்சியில் நங்கூரம் போட்டிருந்த ஓர் அழகான வள்ளத்தைத் தெரிந்தெடுத்தேன். கண்ணுக்கு அது அசையவே இல்லை. 30 செக்கன் கழித்துப் பார்த்தால், வள்ளம் இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஓர் ஆவி. மிதக்கிற எதுவும் அசையும். கரையில் ஏற்றி வைத்த வள்ளம் அல்லது தரைதட்டிய வள்ளம் என்றால் பயமில்லை.

பண்ணையில் மிக நல்ல பொருள் சிறகுவலைத் தடிகள். மீனை வழிமறித்துக் கூட்டுக்குள் கொண்டுபோய்விட நீரில் வரிசையாக நட்டிருப்பார்கள். தடிகளுக்கிடையே நீர் மட்டும் கரைந்துபோய், பின்னால் செக்கல் வானம் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. அவை ஒருவரின் தொழில் முதல் என்பதால் கரையில் நின்றே எடுங்கள்.

பாறை வேண்டுமென்றால் கீரிமலைப் பக்கமோ பருத்தித்துறைக்கோ போகலாம். சுண்ணாம்புக்கல் கரை, அலையும் கொஞ்சம் கூட. காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போகிறவர்கள் மாதத்தைப் பாருங்கள். அது வடக்கு நோக்கிய கரை. ஜூன் வாக்கில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகி மறைவதால் கடல் பக்கமாக இறங்கும். டிசம்பரில் தென்மேற்கே போய் நம் முதுகுப் பக்கம் மறைந்துவிடும். இது தெரியாமல் ஒரு மார்கழியில் போய்ச் சவுக்கு மரங்களைப் படமெடுத்துவிட்டு வந்தேன். கரையோரத்தில் படைமுகாம்கள் உள்ள இடங்களில் கமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

ட்ரைபொட்டை நடுதல்

மணலில் வெறுமனே வைத்தால் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒவ்வொரு காலையும் கையால் அமுக்கி, இனி இறங்காது என்ற அளவுக்கு ஊன்றுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். சோளகக்காற்று அடிக்கும் மாதங்களில் பையை நடுவில் தொங்கவிடச் சொல்வார்கள்; நல்லதுதான், ஆனால் பை ஊஞ்சலாடினால் அதுவே கமராவை ஆட்டிவிடும். பையின் அடி நிலத்தில் படும்படி விடுங்கள்.

ட்ரைபொட்டில் ஏற்றியதும் லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். பொத்தானை விரலால் அழுத்துவதே ஒரு நடுக்கம் என்பதால் 2 செக்கன் டைமரைப் போடுங்கள்.

பில்டர் இல்லாமல் முதல் படம்

சூரியன் மறையும்வரை காத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் அது மாதத்தைப் பொறுத்து மாலை 5.45 இலிருந்து 6.40க்குள் ஏறக்குறைய நடந்துவிடும். நம் பக்கத்தில் செக்கல் வெளிச்சம் நீண்ட நேரம் நிற்காது. ஆகவே எல்லாவற்றையும் முன்பே தயாராக வைத்திருங்கள்.

கமராவை ‘எம்’ (மனுவல்) நிலைக்கு மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100. லென்ஸின் துவாரம் எஃப் 11. அதை எஃப் 22 வரை சுருக்கினால் இன்னும் நேரம் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும், ஆனால் ஒளி சிதறிப் படம் முழுவதும் மங்கலாகும். தடியொன்றின்மேல் போகஸ் செய்துவிட்டு, போகஸை மனுவலுக்கு மாற்றுங்கள். படத்தைப் பிறகு திருத்த வசதியான ‘ரோ’ வடிவில் சேமியுங்கள்.

இனி ஷட்டர். சூரியன் மறைந்து கால் மணி நேரத்தில் ஒரு செக்கன் அளவில் வரும். இன்னும் பத்து நிமிடம் போனால் நாலைந்து செக்கன், அதன்பின் 15. இவை அண்ணளவுதான்; வானத்தில் முகில் இருந்தால் மாறும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள், வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெளிச்சம் அதிகம். திரையை மட்டும் நம்பினால் இருட்டில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் நல்லது? கால் செக்கனிலிருந்து ஒரு செக்கன் வரை கரைக்கு வந்து திரும்பும் நீரின் கோடுகள் தெரியும். அலை திரும்பும்போது அழுத்துங்கள். பத்துப் பதினைந்து செக்கனில் கடல் மென்மையாகும், ஆனாலும் கடல் என்று தெரியும். அரை நிமிடம் தாண்டினால் பனிமூட்டம்தான். எல்லாரும் முதலில் பனிமூட்டத்துக்குத்தான் ஓடுகிறார்கள், நானும் ஓடினேன். இப்போது எனக்குப் பிடித்தது அந்த ஒரு செக்கன்தான்.

பில்டர் வாங்கினால்

வெளிச்சம் இருக்கும்போதே எடுக்க என்.டி. பில்டர் வேண்டும், கமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவது மாதிரி. ஒளியைப் பாதியாக்கும் ஒரு படியை ‘ஸ்டொப்’ என்பார்கள்; ஒவ்வொரு ஸ்டொப்புக்கும் நேரம் இரட்டிக்கும். ஆறு ஸ்டொப் என்றால் 64 மடங்கு, பத்து ஸ்டொப் என்றால் ஏறக்குறைய 1000 மடங்கு. பில்டர் இல்லாமல் 1/30 செக்கன் வருகிறது என்று வையுங்கள். ஆறு ஸ்டொப் போட்டால் 2 செக்கன், பத்துப் போட்டால் 33 செக்கன். கமராவில் 30 செக்கன்தான் எல்லை என்றால் நாம் மூடும்வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் ‘பல்ப்’ நிலையும் ரிமோட்டும் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆறை வாங்குங்கள்.

பத்து ஸ்டொப் பில்டர் வழியாகக் கமராவுக்கு ஒன்றுமே சரியாகத் தெரியாது. அதனால் போகஸை முதலில் செய்து, பிறகுதான் பில்டரை மாட்ட வேண்டும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி உள்ள பழைய வகைக் கமரா (டி.எஸ்.எல்.ஆர்.) என்றால், கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தையும் துணியால் மூடுங்கள். அதன் வழியாக ஒளி புகுந்துவிடும். சூரியனை அந்தத் துவாரத்தால் நேரே பார்க்கவும் கூடாது.

செலவைக் குறைக்க ஹாட்வெயார் கடை வெல்டிங் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் ஒட்டியும் பார்த்தேன். வேலை செய்கிறது. கடல், வானம், தடி எல்லாமே பச்சை. கறுப்பு வெள்ளையாக்கினால் தப்பலாம்.

இன்னொன்று: 30 செக்கன் படம் முடிந்த பின்னும் கமரா இன்னொரு 30 செக்கன் ஒன்றும் செய்யாமல் நின்றால் பழுதென்று பயப்பட வேண்டாம். படத்தில் விழும் புள்ளிகளை (இரைச்சலை) குறைக்க உள்ளே இன்னொரு கறுப்புப் படம் எடுக்கிறது. செக்கல் நேரத்தில் அந்த அரை நிமிடம் பெறுமதியானது, மெனுவில் அதை அணைத்துவிடலாம்.

போன் மட்டும்தான் கையில் என்றால், ஐபோனில் லைவ் போட்டோ எடுத்துப் பிறகு நீண்ட எக்ஸ்போஷராக மாற்றலாம். ‘புரோ’ நிலை உள்ள அண்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் ஷட்டர் நேரத்தைக் கூட்டலாம். போனையும் ஆடாமல் நிறுத்த வேண்டும்.

வீடு வந்ததும்

லென்ஸில் உப்புத் துளி இருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். கொஞ்சம் ஈரப்படுத்திய மென்துணியால் ஒற்றி எடுத்த பிறகு துடையுங்கள். ட்ரைபொட் கால்களை முழுதாக நீட்டிக் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். நான் முதல் ட்ரைபொட்டைக் கழுவினேன்தான், ஆனால் எங்கள் வீட்டு உவர்க் கிணற்றில். ஒரு மாதத்தில் பூட்டுகள் இறுகிவிட்டன. இரண்டாவதை அயலில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குக் கொண்டுபோகிறேன்.