லாங் ட்ராவல் சஸ்பென்ஷன்: ஷாக்கைக் கடைசியில் வாங்குங்கள்

பெங்களூருவில் பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் லாங் ட்ராவல் சஸ்பென்ஷன் பற்றிப் பேசத் தொடங்கினால், ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு ஷாக் அப்சார்பரின் பெயருக்கும் விலைக்கும் போய்விடுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் ஐசுசு வி-கிராஸுக்கு நீளமான ஷாக் ஒரு ஜோடியை முதலில் வாங்கி மாட்டிவிட்டு, ராமநகரப் பக்கத்துப் பாறைமேட்டில் ஏற்றினேன். முன்சக்கரம் முழுவதுமாகத் தொங்கிய இரண்டாவது முறையே சி.வி. ஜாயின்ட்டின் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும், வளைந்து கொடுக்கும் மூட்டு) ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உட்பக்கமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. ஷாக்கின்மேல் குற்றமில்லை. அது தன் நீளம் முழுவதையும் கொடுத்தது. அந்த நீளத்துக்கு வளைந்து கொடுக்கும் மூட்டுதான் வண்டியில் இல்லை. ஆகவே இங்கே நான் சொல்லும் வரிசை கடைக்காரர் சொல்லும் வரிசைக்கு நேர்மாறானது: முதலில் மூட்டுகளின் கோணம், அடுத்து ஆர்ம்கள் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கைகள்), அதன்பின் ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஷாக்.

சக்கரம் அடிமட்டத்தில் தொங்கும் நிலையிலிருந்து உச்சிவரை ஏறும் மொத்த உயரத்தைத்தான் ட்ராவல் என்கிறோம். வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன்னால் இரட்டை விஷ்போனும் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள்) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் கமான் பட்டையும் உள்ளன. கம்பெனி அமைப்பில் இந்த உயரம் பொதுவாக 8, 9 அங்குலத்துக்குள் அடங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, ஃபோர்டு நிறுவனம் 2010 மாடலாக விற்ற முதல் எஃப்-150 ராப்டரில் முன்னால் 11.2 அங்குலமும் பின்னால் 12.1 அங்குலமும் இருந்தன. அது பாலைவனத்தில் வேகமாக ஓடுவதற்காகவே வரைந்த வண்டி. வற்றிய ஏரிப் படுகையிலும், கல்குவாரித் தடங்களிலும், மழைக்காலச் சேற்றிலும் வார இறுதியில் ஓட்டும் நமக்கு 12 அங்குலம், அதாவது சுமார் 300 மி.மீ., தாராளமாகப் போதும். அதற்கு மேல் ஆசைப்படுபவர் சேசிஸையே வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்த ஆசையை இந்தக் கட்டுரைக்கு வெளியே விட்டுவிடுகிறேன்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அகலத்தைக் கூட்டிய வண்டி தனியார் நிலத்துக்கும் போட்டிக்கும் உரியது, அவுட்டர் ரிங் ரோட்டுக்கு உரியதல்ல. இதனால்தான் எந்த வேலையையும் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்யச் சொல்கிறேன். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இனி அளவெடுப்பு. பீனியாவில் எனக்கு வேலை செய்து தரும் வெல்டர், கிருஷ்ணகிரிக்காரர், நான் கிழிந்த பூட்டுடன் போய் நின்றபோது கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, ஸ்பிரிங் இல்லாம சக்கரத்த ஒருதடவ ஏத்தி எறக்கிப் பாத்தீங்களா?" என்பதுதான். நான் பார்த்திருக்கவில்லை. சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, காயிலையும் ஷாக்கையும் கழற்றிவிட்டு, லோயர் ஆர்மின் கீழே ஜாக்கியை வைத்து, சக்கரத்தை 25 மி.மீ. வீதம் மேலே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஐந்து இடங்களைப் பாருங்கள்: பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் உள்ள குண்டு மூட்டு) தன் கூட்டின் விளிம்பில் இடிக்கிறதா, சி.வி. ஜாயின்ட்டைக் கையால் சுற்றும்போது எங்காவது பிடிக்கிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயர் ஃபெண்டரிலோ சேசிஸிலோ உரசுகிறதா, டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, எவ்வளவு மாறுகிறது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஒருமுறையும், இருபக்கமும் முழுவதுமாக ஒடித்து ஒருமுறையும் இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் சி.வி. ஜாயின்ட் நேராக இருக்கும்போது பொறுத்துக்கொள்ளும் தொங்கலை, ஒடித்த நிலையில் பொறுத்துக்கொள்ளாது. எந்த உயரத்தில் முதல் பாகம் "போதும்" என்று சொல்கிறதோ அதுதான் உங்கள் வண்டியின் இன்றைய எல்லை. ஒரு சாக்பீஸும் நோட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவிர இதற்குச் செலவே இல்லை.

அந்த எல்லையைத் தள்ளிவைக்க நேர்மையான வழி ஆர்ம்களை நீட்டுவதுதான். கணக்கு எளிது. பிவட்டிலிருந்து (ஆர்ம் சேசிஸில் மாட்டிச் சுழலும் இடம்) பால் ஜாயின்ட் வரை 400 மி.மீ. நீளமுள்ள லோயர் ஆர்ம், படுக்கை நிலையிலிருந்து 120 மி.மீ. இறங்கினால் ஏறத்தாழ 17.5 டிகிரி சாய்கிறது, 180 மி.மீ. ஏறினால் 26.7 டிகிரி. அதே ஆர்மை 475 மி.மீ. ஆக்கினால் இவை 14.6, 22.3 டிகிரியாகக் குறைகின்றன. மூட்டு அதேதான், உயரம் அதேதான், வேதனை மட்டும் குறைவு. லோயர் ஆர்மை எவ்வளவு நீட்டுகிறோமோ, அப்பர் ஆர்மையும் டை ராடையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) ஆக்சில் ஷாஃப்ட்டையும் அதே அளவு நீட்ட வேண்டும். டை ராட் மட்டும் வேறு வட்டத்தில் சுழன்றால், மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகவே திரும்பும். பம்ப் ஸ்டீயர் என்று சொல்வது இதைத்தான். ஆர்மைத் தொடாமல் வீல் ஸ்பேசர் போட்டு அகலத்தைக் கூட்டுபவர்கள் வீல் பேரிங்குக்குச் சுமையைக் கூட்டுகிறார்களே தவிர, ட்ராவலில் ஒரு மி.மீ.கூடப் பெறுவதில்லை.

அப்பர் ஆர்மில் பால் ஜாயின்ட்டுக்குப் பதிலாக யூனிபால் (வளையத்துக்குள் சுழலும் உலோக உருண்டை) போடலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. யூனிபால் அதிகக் கோணம் தரும், ஆனால் சேறும் மணலும் உள்ளே போனால் சீக்கிரம் தேய்ந்து டக்டக் என்று தட்டத் தொடங்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பெய்யும் ஊரில், டெஃப்ளான் உறையுள்ள வகையை வாங்கி, மேலே ரப்பர் மூடி போட்டு, அதைத் தேய்மானப் பொருளாகவே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சேசிஸ் பக்கப் பிவட்டுகளில் ரப்பர் அல்லது பாலியூரிதேன் புஷ் இருப்பதே எனக்குப் பிடித்தம்.

ஆர்மைச் செய்யும் வேலை, தெரிந்த கைக்கு மட்டும் உரியது. 4130 குரோமோலி எஃகின் சீம்லெஸ் (இணைப்புத் தையல் இல்லாத) குழாயோ, 4 அல்லது 5 மி.மீ. தகட்டில் பெட்டிபோல் கட்டிய ஆர்மோ, எதுவானாலும் ஜிக்கில் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) இறுக்கிக் கட்டிய பிறகே டிக் வெல்டிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் சூடு இழுத்து, இடது ஆர்மும் வலது ஆர்மும் வேறு வேறு நீளமாகிவிடும். பின்களுக்கு லேத்துக்காரர் இ.என்.8 எஃகு போதும் என்பார். சுமை தாங்கும் இடத்தில் இ.என்.24 கேளுங்கள். போல்ட் 10.9 தரத்துக்குக் குறையக் கூடாது, வெட்டுவிசை விழும் இடத்தில் மரை இல்லாத தண்டுப் பகுதி இருக்க வேண்டும். ஒரிஜினல் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) வெல்டிங் வைக்கவே கூடாது. பளபளப்புக்காக ஆர்முக்குக் குரோம் பூசுவதும் வேண்டாம், அந்த முலாம் வேலையில் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வரலாம். வெல்டிங் ஆறியதும் சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்துப் பாருங்கள். எங்கள் முதல் ஆர்மில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று மயிரிழைபோல் சிவந்து வந்தது. அந்த ஆர்ம் இன்றைக்குப் பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. சேசிஸில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதை மறந்தால், ஈ.சி.யூ. செலவு தனி.

ஸ்பிரிங்குக்கு வருவோம். ஷாக்கோடு சேர்ந்த ஸ்பிரிங் லோயர் ஆர்மில் எங்கே உட்காருகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 475 மி.மீ. ஆர்மில் அது பிவட்டிலிருந்து 285 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால் விகிதம் 0.6. சக்கரம் 300 மி.மீ. நகர, ஷாக் 180 மி.மீ. நகரும். ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் சக்கரத்தில் விகிதத்தின் வர்க்கமாக, அதாவது 0.36 பங்காகத்தான் தெரியும். ஆர்மை நீட்டிவிட்டு ஷாக் மவுண்டைப் பழைய 240 மி.மீ. இடத்திலேயே விட்டால் விகிதம் ஏறத்தாழ 0.5க்கு இறங்கி, பழைய ஸ்பிரிங் கால்பங்குக்கும் மேல் மென்மையாகி, வண்டி மூக்கைத் தரையில் தேய்க்கும்.

ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 500 கிலோ என்றும், வண்டி வினாடிக்கு 1.3 முறை அசைய வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், சக்கரத்தில் மி.மீ.க்கு சுமார் 33 நியூட்டன் தேவை, 0.36ஆல் வகுத்தால் ஸ்பிரிங் 92 நியூட்டன், கடைக்காரர் மொழியில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 530 பவுண்டு. வண்டி நிற்கும்போது சக்கரம் சுமார் 147 மி.மீ. அமுங்கியிருக்கும். மொத்த 300ல் 120ஐத் தொங்கலுக்கும் 180ஐ ஏற்றத்துக்கும் ஒதுக்கினால், முழுவதும் தொங்கும்போதும் ஸ்பிரிங்கில் 16 மி.மீ. அளவு இறுக்கம் மிஞ்சும். அது மிஞ்சாவிட்டால் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும். பாறையில் மெதுவாக ஊர்பவர் தொங்கலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி ஒதுக்கலாம்.

பின்புறம் நம்மூர்ப் பழக்கமே எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வண்டி தாழ்ந்தால் ஒரு பட்டை சேர்ப்பது வழக்கம். அது கடினத்தைக் கூட்டி ட்ராவலைக் கொல்லும். நீளமான, மெல்லிய பட்டைகள் பல சேர்ந்த கமான்தான் வேண்டும். பட்டை அமுங்கும்போது நீள்வதால், அதன் முனையைத் தாங்கும் ஷேக்கிள் சாய்ந்து வழிவிட வேண்டும். முழுத் தொங்கலில் அது மறுபக்கம் புரண்டுவிடக் கூடாது. மெல்லிய பட்டை, முறுக்குவிசையில் எஸ் எழுத்துபோல் வளையும், அதற்கு ஆக்சில் முறுக்காமல் பிடிக்கும் ட்ராக்‌ஷன் பார் தேவைப்படலாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஸ்லிப் யோக் (நீளத்துக்கேற்ப உள்ளும் வெளியும் நழுவும் முனை) முழுத் தொங்கலில் போதுமான அளவு உள்ளே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பின் ஷாக்கை 30 டிகிரி சாய்த்து மாட்டினால் அதன் வேலையில் கால்பங்கு போய்விடும்.

இப்போதுதான் ஷாக். மேலே சொன்ன கணக்குக்கு 8 அங்குல ஸ்ட்ரோக் (ஷாக்கின் தண்டு நகரும் நீளம்) சரியாக அமையும். தனி ரிசர்வாயருடன் நைட்ரஜன் நிரப்பிய 2.5 அங்குல மோனோடியூப் (ஒற்றைக் குழாய் ஷாக்), கற்கள் நிறைந்த நீண்ட தடத்தில் எண்ணெய் நுரைக்காமல் தாக்குப்பிடிக்கும். எந்தப் பிராண்டை வாங்கினாலும், சீலும் ஷிம்மும் (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வட்டத் தகடு) மாற்றித் தரும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டபின் பணம் கொடுங்கள். ஷாக் தன் முடிவைத் தானே தொடக் கூடாது: மேலே பம்ப் ஸ்டாப்பும், கீழே ஷாக் முழுவதும் நீள்வதற்கு 10, 12 மி.மீ. முன்பே பிடிக்கும் லிமிட் ஸ்ட்ராப்பும் இருக்க வேண்டும். சாமான் கட்டும் வார் லிமிட் ஸ்ட்ராப் ஆகாது.

முதல் ஓட்டத்துக்கு முன் வீல் அலைன்மென்ட் பார்த்து, ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள், கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு, மெதுவாக 10 கி.மீ. ஓட்டித் திரும்பிப் பாருங்கள். டை ஏறி நின்ற இடத்தை அளந்து, நோட்டில் எழுதிய பழைய அளவோடு ஒப்பிட்ட பின்பே வேகத்தைக் கூட்டுங்கள்.