துபாயில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் காலண்டரை எடுங்கள்

துபாய் வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்த அன்று நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. அடுத்து வாடகையை விசாரிப்போம். பள்ளிக்கூடத்துக்கு நண்பர் ஒருவர் “பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் திர்ஹம் ஆகும்” என்று சொன்னதை மனதில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுவோம். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் ஏப்ரலில் பள்ளிக்கும் வீட்டு வாடகைக்கும் ஒரே வாரத்தில் பணம் கட்ட வேண்டி வந்தது. ஊரிலிருந்து மச்சான் பணம் அனுப்பித்தான் சமாளித்தோம். ஊருக்கு அனுப்ப வந்தவன் ஊரிலிருந்து வாங்க நேர்ந்த கூச்சம் இன்னும் மறக்கவில்லை.

அந்த வருஷத்தின் மொத்தச் செலவை எங்கள் சம்பளம் தாங்கியது. ஏப்ரல் மாதத்தைத்தான் தாங்கவில்லை. புதிதாக வரும் குடும்பங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பாடத்திட்டத்தை முடிவு செய்யுங்கள்

சிபிஎஸ்இ பள்ளிகளில் வருஷத்துக்குச் சில ஆயிரம் திர்ஹத்தில் தொடங்கும் இடங்களும் உண்டு. பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் பல பள்ளிகள் 30,000, 40,000 என்று கேட்கின்றன. மேல்வகுப்புகளில் ஒரு லட்சத்தைத் தொடுபவையும் உள்ளன. நான்கைந்து வருஷத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் சிபிஎஸ்இதான் வசதி என்பது என் கருத்து. பிள்ளை ஊரில் அதே பாடத்தைத் தொடரலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே இந்தியப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் புது வருஷம் தொடங்குகிறது. பிரிட்டிஷ் பள்ளிகளில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. மார்ச்சில் ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு மாறினால் நடுவில் ஐந்து மாதம் பிள்ளை வீட்டில் இருக்கும், அல்லது பாதி வருஷத்தில் போய்ச் சேர வேண்டும்.

படி 2: கட்டணத்தை அரசுத் தளத்தில் பாருங்கள்

துபாயின் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் அமைப்பு கேஎச்டிஏ. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் பெயருக்கும் கீழே கட்டண விவரத் தாள் இருக்கிறது. வகுப்புவாரிக் கட்டணமும் மற்ற வசூல்களும் அதிலேயே இருக்கும். அங்கே அனுமதிக்கப்பட்டதற்கு மேல் பள்ளி கேட்க முடியாது. புதிய மாணவருக்கு விண்ணப்பக் கட்டணம் அதிகபட்சம் 500 திர்ஹம், அட்மிஷன் டெபாசிட் வருஷக் கட்டணத்தில் அதிகபட்சம் 10 சதவீதம். இந்த டெபாசிட் பிறகு கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படும். கழித்திருக்கிறார்களா என்று முதல் பில்லிலேயே சரிபாருங்கள்.

உங்கள் பிள்ளை சேரும் வகுப்பின் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அந்தத் தாள் முழுவதையும் பிரிண்ட் எடுங்கள். படி 6-ல் மறுபடியும் தேவைப்படும்.

படி 3: கட்டணத்துக்கு வெளியே உள்ளதைக் கூட்டுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இதில் உள்ள எண்கள் விளக்கத்துக்குத்தான். உங்கள் பள்ளியின் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகள். மூத்தது முதல் வகுப்பு, கட்டணம் 12,000. இளையது கேஜி 2, கட்டணம் 10,000. ஆக 22,000.

இனி பஸ், இருவருக்கும் 9,000. யூனிஃபார்ம் 1,600. புத்தகம், நோட்டு 1,900. பிக்னிக், ஆண்டு விழா உடை, ஸ்டேஷனரி, அரபி டியூஷன் என்று சில்லறையாகப் போவது 1,500. மொத்தம் 36,000. நண்பர் சொன்ன 22,000-க்கு மேல் 14,000 திர்ஹம். முதல் வருஷமானால் விண்ணப்பக் கட்டணம் தனி.

அரபி டியூஷனை ஏன் சேர்த்தேன் என்றால், இங்கே தனியார் பள்ளிகளிலும் 1 முதல் 9-ஆம் வகுப்பு வரை அரபி கட்டாயப் பாடம். நமக்குத் தெரியாத மொழி என்பதால் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. யூனிஃபார்முக்கு 5 சதவீத வாட் உண்டு, பள்ளிக் கட்டணத்துக்கு இல்லை. பஸ் கட்டணம் ஏரியாவைப் பொறுத்து மாறும். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் வீடெடுத்து துபாய் பள்ளிக்கு அனுப்ப நினைப்பவர்கள், பஸ் கட்டணத்தையும் பிள்ளை காலையில் எழ வேண்டிய நேரத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 4: பன்னிரண்டு கட்டம் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள்.

ஒரு ஏ4 தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு மாதங்களின் பெயரை எழுதுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பள்ளிக்குப் போகும் பணம் சிவப்பு மையில், வாடகை செக் நீல மையில். வாடகையை இங்கே வருஷத்துக்கு இரண்டு, நான்கு என்று பின்தேதி போட்ட செக்குகளாகத்தான் பெரும்பாலும் கொடுக்கிறோம். அதனால் இரண்டு நிறமும் எந்தக் கட்டத்தில் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மேலே உள்ள மாதிரிக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். வருஷக் கட்டணத்தை ஏப்ரல், செப்டம்பர், ஜனவரி என்று மூன்று டேர்மாகக் கட்டுகிறார்கள். டெபாசிட் 2,200-ஐ முன்பே கட்டிவிட்டார்கள். ஏப்ரலில் முதல் டேர்ம் மீதி 6,600, பஸ் 3,000, யூனிஃபார்ம் 1,600, புத்தகம் 1,900. கூட்டினால் 13,100. அதே மாதம் வாடகை செக் 15,000 என்றால் 28,100. சம்பளம் 14,000 வாங்கும் வீட்டில் இது இரண்டு மாதச் சம்பளம். செப்டம்பரிலும் ஜனவரியிலும் டேர்முக்கு 6,600, பஸ்ஸுக்கு 3,000 என 9,600 போகும். செப்டம்பருக்கு முந்தைய மாதங்கள் ஊர் லீவு. டிக்கெட், சீர், சாமான் என்று கையிருப்பைக் கரைத்துவிட்டுத்தான் திரும்பி வருவோம்.

இதற்கு நாங்கள் மூன்று காரியம் செய்தோம்.

முதலில், வாடகை ஒப்பந்தம் புதுப்பித்தபோது செக் தேதிகளை மாற்றித் தரச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் கேட்டோம். ஏப்ரல் செக் மே மாதத்துக்குப் போனது. கேட்டால் கிடைக்கும் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து, வருஷ மொத்தத்தை 12-ஆல் வகுத்து (மாதிரிக் கணக்கில் 36,000 என்றால் மாதம் 3,000 திர்ஹம்) சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றினோம். மீதியில்தான் மளிகையும் மற்றதும்.

மூன்றாவது, அந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பவில்லை. “ரேட் ஏறியிருக்கு, அனுப்பிடலாம்” என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால் திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்ட நாணயம். ரூபாய் சரிந்தால் ஊரில் வைத்த பணம் திர்ஹத்தில் குறைந்துவிடும். கட்டணம் திர்ஹத்தில் என்றால் சேமிப்பும் திர்ஹத்தில் இருக்கட்டும்.

கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்று வங்கிகள் அழைக்கும். ப்ராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட, மாதத் தவணையில் கட்டலாமா என்று பள்ளியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்பது நல்லது. சில இந்தியப் பள்ளிகளில் அந்த வசதி உண்டு.

படி 5: கம்பெனி தரும் படிப்புத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்

“ஸ்கூல் அலவன்ஸ் உண்டு” என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஹெச்ஆரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை பிள்ளைகளுக்கு? கேஜிக்கும் உண்டா, முதல் வகுப்பிலிருந்துதானா? பஸ்ஸும் சேருமா? பள்ளிக்கு நேராகக் கட்டுவார்களா, நாம் கட்டி ரசீது கொடுத்தபின் வருமா? ரசீது கொடுத்து வாங்குவதென்றால் ஏப்ரல் சுமை நம் தலையில்தான். பணம் ஜூனில் வந்தாலும் வரும். வேலையை நடுவில் விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்பதை மறக்காமல் கேளுங்கள்.

படி 6: ஐந்து வருஷத்துக்குப் பாருங்கள்

கட்டண உயர்வுக்கு கேஎச்டிஏ வருஷா வருஷம் வரம்பு வைக்கிறது. 2025-26-க்கு அது 2.35 சதவீதமாக இருந்தது. 22,000-க்கு 2.35 சதவீதம் என்றால் 517 திர்ஹம். இது பயப்பட வேண்டிய தொகை இல்லை. பயப்பட வேண்டியது வகுப்பு மாறும்போது ஏறுவது. நம் கணக்கிலேயே இளைய பிள்ளை கேஜி 2-லிருந்து முதல் வகுப்புக்குப் போனால் 2,000 திர்ஹம் கூடுகிறது. அந்த வரம்பு இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இது உயர்வே இல்லை, அடுத்த வகுப்பின் கட்டணம். பிரிண்ட் எடுத்த தாளில் 5 வருஷத்துக்கு உங்கள் பிள்ளையின் வகுப்புகளை வட்டமிடுங்கள். 10, 12-ஆம் வகுப்பு வந்தால் போர்டு தேர்வுக் கட்டணமும் சேரும்.

வேலை முடியும்போது வரும் கிராஜுவிட்டியை இந்தக் கணக்கில் தொடாதீர்கள். வேலை போகும் நாளில் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே கைப்பணம் பல சமயம் அதுதான்.

படி 7: பாதியில் கிளம்ப நேர்ந்தால்

யாருக்கும் வர வேண்டாம், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டேர்மில் பிள்ளை இரண்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ வந்திருந்தால் பள்ளி ஒரு மாதக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை என்றால் இரண்டு மாதக் கட்டணம். ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டால் அந்த டேர்ம் முழுவதற்கும். ஆகவே கிளம்புவது உறுதியானதும் பள்ளிக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், டிசிக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். பாக்கி இருந்தால் டிசி இழுபடும். கட்டண ரசீதுகளைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அதே ஃபைலில் வையுங்கள்.