பக்கத்தில் ரசாயனக் கிடங்கு வருகிறதா? டர்பன்வாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தெற்கு டர்பனில் குடியிருப்பவர்களுக்கு ஆலை நாற்றம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன ஒதுக்கல் காலத்தில் மெர்பேங்க், வென்ட்வொர்த் பக்கம் வேலிக்கு இந்தப்புறம் வீடுகளையும் அந்தப்புறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் வைத்துவிட்டுப் போனார்கள். 2020 டிசம்பர் 4 அன்று வென்ட்வொர்த் ஆலையில் வெடிவிபத்து. 2021 ஜூலைக் கலவரத்தில், வடக்கே கார்னூபியாவில் விவசாய ரசாயனக் கிடங்கு எரிந்து, நச்சுநீர் ஆற்றில் இறங்கிக் கடற்கரைகளையே மூட வேண்டியதாயிற்று.

அதனால் "பின்தெருவில் கிடங்கு வருதாம்" என்று கேட்டதும் நம் ஆட்களுக்கு இரண்டு யோசனைதான் வருகிறது: ஒன்று ஊர்வலம், இல்லாவிட்டால் வக்கீல். ஊர்வலத்தை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சட்டமே போட்டுக்கொடுத்த பாதை ஒன்று இருக்கிறது: மேல்முறையீடு, சமரசப் பேச்சு, தீர்ப்பாய விசாரணை. இதில் பெரும்பகுதியை வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு கிடங்கை விரிவாக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: என்ன அனுமதி, யார் தருகிறார்கள்?

இதைக் கண்டுபிடிக்காமல் கடிதம் எழுதினால், தப்பான மேசைக்குப் போய்த் தூசி படியும். வேலியில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள் (குறைந்தது 60 செ.மீ.க்கு 42 செ.மீ. அளவில் இருக்க வேண்டும் என்பது விதி). அதில் எந்தச் சட்டம் என்று எழுதியிருக்கும்.

கட்டுமானம், அபாயப் பொருள் சேமிப்பு போன்றவற்றுக்கான சுற்றுச்சூழல் அனுமதி தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் (1998-ஆம் ஆண்டின் 107-ஆம் எண் சட்டம்) கீழ் வரும். எல்லோரும் அதை நீமா (NEMA) என்றே சொல்கிறார்கள். பெரும்பாலும் மாகாணத் துறைதான் இந்த அனுமதியைத் தரும். அதன்மேல் மேல்முறையீடு மாகாண அமைச்சருக்கு, அதாவது எம்.இ.சி.க்குப் போகும். புகைபோக்கி உமிழ்வுக்கான உரிமம் 2004-ஆம் ஆண்டின் காற்றுத்தரச் சட்டத்தின் கீழ் வருகிறது, நம் ஊரில் அதை வழங்குவது இதெக்வினி மாநகராட்சி. ஆற்று நீரை எடுப்பதோ கழிவுநீரை ஆற்றில் விடுவதோ 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம். ஒரே கிடங்குக்கு இந்த மூன்றும் வேண்டியிருக்கலாம். அப்படியானால் மூன்று கோப்பு, மூன்று காலக்கெடு.

படி 2: பட்டியலில் பெயரைச் சேருங்கள்

விண்ணப்பதாரர் நியமித்த சுற்றுச்சூழல் ஆலோசகரின் மின்னஞ்சல் அந்தப் பலகையிலேயே இருக்கும். "நான் இந்த முகவரியில் குடியிருக்கிறேன், பாதிக்கப்படுபவராக என்னைப் பதிவு செய்யுங்கள்" என்று இரண்டு வரி போதும். பதிவு செய்தால்தான் அறிக்கைகளும் முடிவும் உங்களைத் தேடி வரும். பிறகு அறிக்கையைப் படித்துக் கருத்து எழுத குறைந்தது 30 நாள் கொடுப்பார்கள். கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம், பள்ளிக்கூடம் எல்லாம் தனித்தனியாகப் பதிவு செய்யட்டும். ஒரே கடிதத்தில் நானூறு கையெழுத்து வாங்குவதைவிட, அவரவர் பாதிப்பை அவரவர் சொல்லும் பத்துக் கடிதங்களுக்கு எடை அதிகம் என்பது என் கருத்து. "பிள்ளைக்கு ஆஸ்துமா, ஜன்னலுக்கும் வேலிக்கும் இவ்வளவு தூரம்" என்ற ஒரு வரியை அதிகாரியால் லேசில் ஒதுக்க முடியாது.

படி 3: காகிதங்களைக் கேளுங்கள்

2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் பழைய அனுமதிகள், ஆய்வு அறிக்கைகள், புகார்ப் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்கலாம். அவர்கள் 30 நாளில் பதில் தர வேண்டும். இழுத்தடிப்பார்கள், அதனால் சீக்கிரமே கேட்டு வையுங்கள். இன்னொரு பக்கம் நாற்றம், இரைச்சல், லாரிப் போக்குவரத்து ஆகியவற்றுக்கு ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்றின் திசை என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

படி 4: மேல்முறையீடு முதலில், பேச்சு அப்புறம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இந்தப் படியை வையுங்கள்.

அனுமதி கிடைத்த மறுவாரமே நிறுவனத்திலிருந்து யாராவது நல்ல மனிதர் ஒருவர் வருவார். "எதற்குச் சண்டை, உட்கார்ந்து பேசலாம்" என்பார். உண்மையாகவே நல்ல மனதோடும் சொல்லலாம். சரி, பேசுங்கள். ஆனால் நீமா அனுமதிமேல் மேல்முறையீடு செய்ய முடிவின் அறிவிப்பு வந்ததிலிருந்து 20 நாள்தான். மாநகராட்சி அதிகாரியின் முடிவு என்றால், நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி 21 நாள். நீர்ச் சட்ட உரிமம் என்றால், அந்த மேல்முறையீட்டைக் கேட்கும் நீர்த் தீர்ப்பாயத்துக்கு 30 நாள். இரண்டு கூட்டமும் ஒரு தேநீரும் முடிவதற்குள் இந்த நாள்கள் ஓடிவிடும். நீமா கணக்கில் டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை சேராது. மற்ற சட்டங்களிலும் அந்தச் சலுகை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசித் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்.

மேல்முறையீட்டை முதலில் போடுவதில் இரண்டு லாபம். நீமா 43-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு போட்டால், அது முடியும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படும், எதிர்த்தரப்பால் கட்ட முடியாது. கட்ட முடியாதவர்தான் பேச வருவார். அடுத்தது, 17-ஆம் பிரிவின்படி தன் முன் மேல்முறையீடு வந்த அமைச்சரோ எம்.இ.சி.யோ முடிவெடுக்கும் முன் அதைச் சமரசத்துக்கு அனுப்பலாம். மேல்முறையீட்டுக் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே "இதைச் சமரசத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிவிடுங்கள்.

மேல்முறையீட்டுக்கு எனத் தனிப் படிவம் உண்டு. அதோடு காரணங்களையும் ஆதாரங்களையும் இணைத்து, நகலை விண்ணப்பதாரருக்கும் பதிவு செய்த மற்றவர்களுக்கும் அனுப்ப வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: அமைச்சருக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடுவார்கள். காரணங்களை எழுதும்போது கோபத்தைக் குறைத்து, முடிவில் எது விடுபட்டது என்று சுட்டுங்கள். "இந்தப் பகுதியில் ஏற்கெனவே உள்ள மாசோடு சேர்த்துக் கணக்கிடவில்லை", "தீ பிடித்தால் தண்ணீர் எங்கே வடியும் என்று அறிக்கையில் இல்லை" என்பவை நல்ல காரணங்கள். நீமாவின் 2-ஆம் பிரிவையும் துணைக்கு அழையுங்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும், பாதிப்பை நலிந்த மக்கள்மேல் பாரபட்சமாகச் சுமத்தக்கூடாது என்பதெல்லாம் அதில் எழுத்திலேயே இருக்கிறது.

அனுமதி இன்னும் வரவில்லை, ஆனால் தகராறு மட்டும் முற்றிக்கொண்டிருக்கிறது என்றால், யார் வேண்டுமானாலும் அமைச்சரிடமோ எம்.இ.சி.யிடமோ மாநகராட்சி மன்றத்திடமோ ஒரு கூட்ட ஒருங்கிணைப்பாளரை நியமிக்கும்படி கேட்கலாம். இருதரப்பையும் சமரசத்துக்கு இணங்கவைப்பதுதான் அவர் வேலை.

படி 5: சமரச மேசையில்

சமரசர் நீதிபதி இல்லை. அவர் தகவல் கேட்பார், இருபக்கமும் பேசிப் பார்ப்பார், பரிந்துரை சொல்வார். உங்கள்மேல் எதையும் திணிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. போகும் முன் உங்களுக்குள் உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எது கிடைக்காவிட்டால் எழுந்து வருவோம்? எதை விட்டுக்கொடுக்கலாம்? யார் பேசுவது? இந்த மூன்றாவதில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். அண்ணன் ஒன்று சொல்ல, கமிட்டித் தலைவர் இன்னொன்று சொல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே குறிப்பெடுப்பார். ஒருவரோ இருவரோ பேசட்டும், மற்றவர்கள் இடைவேளையில் அவர்கள் காதில் சொல்லலாம். சமரசருக்கான கட்டணம் யார் பொறுப்பு என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

நீமா சமரசத்தில் சமரசரின் அறிக்கையும் எட்டிய ஒப்பந்தமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். பேச்சு முறிந்தால், யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்றுகூட அவர் எழுதலாம். நீர்ச் சட்டத்தின் 150-ஆம் பிரிவில் இதற்கு நேர்மாறு: அங்கே பேசியவை ரகசியம், இருதரப்பும் சம்மதிக்காமல் எந்த நீதிமன்றத்திலும் சாட்சியமாகாது. ஆகவே முதலாவதில் அளந்து பேசுங்கள், இரண்டாவதில் மனம்விட்டுப் பேசலாம்.

வெறும் கையெழுத்துத் தாளோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். "இரவில் லாரி ஓட்ட மாட்டோம்" என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால், மணி என்ன முதல் என்ன வரை, யார் கண்காணிப்பது, மீறினால் யாரிடம் சொல்வது என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். பிறகு அதையே அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்கும்படி மேல்முறையீட்டு அதிகாரியிடம் இரு தரப்பும் கூட்டாகக் கேளுங்கள். தனி ஒப்பந்தத்தை மீறினால் நீங்கள்தான் காசு செலவழித்து வழக்குப் போட வேண்டும். அனுமதி நிபந்தனையை மீறினால் அது குற்றம்: ஒரு கோடி ராண்ட் வரை அபராதம், அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கிரீன் ஸ்கார்பியன்ஸ் என்று பெயர் வாங்கிய சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் வந்து பார்க்கவும் அதிகாரம் கிடைக்கும்.

பேச்சு முறிந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம், இருதரப்பும் சம்மதித்தால் மட்டும். சாதாரணக் குடும்பங்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை, செலவு தாங்காது.

படி 6: விசாரணை என்றால்

எம்.இ.சி.யிடம் போகும் மேல்முறையீடு பெரும்பாலும் காகிதத்திலேயே முடிந்துவிடும், நேரில் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீர்த் தீர்ப்பாயம் அப்படியில்லை. அங்கே வழக்கு புதிதாகக் கேட்கப்படும், சாட்சி சொல்லலாம், எதிர்த்தரப்பு நிபுணரைக் கேள்வி கேட்கலாம். ஆனால் உரிமம் விண்ணப்ப நிலையில் இருக்கும்போதே எழுத்தில் ஆட்சேபம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் "உங்களுக்கு மேல்முறையீட்டு உரிமை இருக்கிறதா?" என்ற வாதத்திலேயே பாதி நாள் போய்விடும்.

ஆவணங்களுக்குப் பக்க எண் போட்டு, எல்லோருக்கும் ஒரே கட்டாகக் கொடுங்கள். படித்த பிள்ளையைவிட, அந்தத் தெருவில் முப்பது வருடம் இருந்த அக்காவைச் சாட்சியாக வைப்பது நல்லது. தான் கண்டதையும் முகர்ந்ததையும் மட்டும் சொல்லச் சொல்லுங்கள், காரணம் சொல்வது நிபுணர் வேலை. பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லட்டும்.

படி 7: முடிவு எதிராக வந்தால்

முடிவுக்கான காரணம் எழுத்தில் கிடைக்கவில்லை என்றால், 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டத்தின் கீழ் 90 நாளுக்குள் கேளுங்கள். உயர் நீதிமன்ற மறுஆய்வுக்குத் தாமதமில்லாமல், அதிகபட்சம் 180 நாளுக்குள் போக வேண்டும். மேல்முறையீட்டு வழி திறந்திருந்தும் அதைப் பயன்படுத்தாதவரை நீதிமன்றம் பொதுவாகத் திருப்பி அனுப்பிவிடும், படி 4-ஐத் தாண்டிக் குதிக்க முடியாது. நீர்த் தீர்ப்பாய முடிவில் சட்டப் பிழை இருந்தால் உயர் நீதிமன்றத்துக்கு 21 நாள்.

இந்தக் கட்டத்தில் வக்கீல் கட்டாயம் தேவை. பல்கலைக்கழகச் சட்ட உதவி மையங்களிலும் பொதுநல வழக்கு எடுக்கும் அமைப்புகளிலும் கேட்டுப் பாருங்கள். தோற்றால் எதிர்த்தரப்பு செலவையும் கட்ட வேண்டுமோ என்று பயந்தே பலர் பின்வாங்குகிறார்கள். நீமாவின் 32-ஆம் பிரிவில் இதற்கு ஒரு தடுப்பு உண்டு: பொதுநலனுக்காகவோ சுற்றுச்சூழலுக்காகவோ நியாயமான அக்கறையோடு வழக்குப் போட்டவர் தோற்றாலும், செலவை அவர் தலையில் கட்டாமல் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மனுவிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிடும்படி வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.