இது நிஜமாவே கோட்டையா? தொகுதி கணக்கை நாமளே பார்க்கிறது எப்படி

ரிசல்ட் அன்னைக்கு மத்தியானத்துக்குள்ளயே டிவில "அலை வீசிடுச்சு", "இது அவங்க கோட்டை"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. மக்களவை தேர்தல்ல அது நிஜமான்னு நாமளே பார்த்துக்கலாம், பெரிய கணக்கெல்லாம் வேண்டாம், ஒரு நோட்டும் தேர்தல் ஆணையத்தோட ரிசல்ட் பக்கமும் போதும்.

முதல்ல எத்தனை சீட்டுங்கிறத ஓரமா வச்சுட்டு ஓட்டு சதவீதத்த எழுதுங்க. நம்ம முறையில பாதி ஓட்டு வாங்கணும்னு அவசியமே இல்ல, அடுத்த ஆளை விட ஒரு ஓட்டு கூட இருந்தா ஜெயிச்சாச்சு. 2014ல தமிழ்நாட்டுல அதிமுக 39ல 37 தொகுதிய அள்ளுச்சு, வாங்கின ஓட்டு 44% சொச்சம் தான். அதே தேர்தல்ல திமுக 24% கிட்ட வாங்கியும் ஒரு சீட்டு கூட கிடைக்கல. எந்த கட்சியா இருந்தாலும் சரி, அவ்வளவு பேர் வெயில்ல நின்னு போட்ட ஓட்டுக்கு டெல்லில ஒரு ஆள் கூட இல்லைங்கிறது எனக்கு இன்னும் மனசு கேக்காத விஷயம்.

அப்புறம் ரெண்டு தேர்தல பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. திமுக கூட்டணி 2019ல 53% கிட்ட வாங்கி 38 ஜெயிச்சது, 2024ல 47% கிட்ட வந்து 39ம் ஜெயிச்சது. ஓட்டு குறைஞ்சிருக்கு ஆனா சீட்டு ஏறியிருக்கு! காரணம் எதிர்பக்கம் தான், 2019ல ஒண்ணா நின்ன அதிமுகவும் பாஜகவும் 2024ல தனித்தனியா நின்னு 23%, 18%னு பிரிச்சுக்கிட்டாங்க. அதனால ரெண்டாவது, மூணாவது வந்தவங்க எவ்வளவு வாங்கினாங்கன்னு கட்டாயம் எழுதிக்கோங்க. ஆனா 23ஐயும் 18ஐயும் அப்படியே கூட்டி 41னு போட்டுடாதீங்க, கூட்டணி சேர்ந்தா ஓட்டு முழுசா வந்து சேராது, 2019ல அவங்க எல்லாரும் சேர்ந்தே 30% பக்கம் தான் வந்தாங்க.

அலை எவ்வளவு நாள் நிக்கும்னு பார்க்க 1984 நல்ல உதாரணம். இந்திரா காந்தி கொலைக்கு அப்புறம் நடந்த தேர்தல், காங்கிரஸ் 49% ஓட்டோட 400 தாண்டுச்சு. 1989ல 39% சொச்சத்துக்கு இறங்கினாங்க, சீட்டு 197 ஆயிடுச்சு. பத்து சதவீதம் சரிஞ்சதுக்கு பாதி சீட்டு காலி.

இப்ப தொகுதிக்கு வருவோம், நிறைய பேர் சறுக்குறது இங்க தான். ஒரே ஒரு தேர்தல் மார்ஜின வச்சு சேஃப் சீட்னு முடிவு பண்ணக்கூடாது, குறைஞ்சது மூணு தேர்தல் வேணும். உத்தரப்பிரதேசத்துல இருக்கிற அமேதிய எடுத்துக்கோங்க. 2009ல ராகுல் காந்தி 3.7 லட்சம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார், 2014ல அது 1.07 லட்சம் ஆச்சு, 2019ல 55 ஆயிரத்துல பாஜகவோட ஸ்மிருதி இரானிகிட்ட தோத்துட்டார். 2014லயும் ஜெயிச்சார்னு எல்லாரும் நகர்ந்துட்டாங்க, ஆனா மார்ஜின் மூணுல ஒரு பங்குக்கும் கீழ போயிருந்துச்சே, எச்சரிக்கை அங்கயே இருந்துச்சு. இன்னொண்ணு பாருங்க, 2019ல ராகுல் வாங்கின ஓட்டு 4.13 லட்சம், அது 2014ல வாங்கினத விட கொஞ்சம் ஜாஸ்தி! தன் ஓட்டு குறையாமலே தோத்தார், ஏன்னா ரெண்டு தடவையும் எதிர்ல நின்ன ஸ்மிருதி இரானி 3 லட்சத்துல இருந்து 4.68 லட்சத்துக்கு போயிட்டார். அதனால ஜெயிச்சவர் ஓட்டு, ரெண்டாவது வந்தவர் ஓட்டு ரெண்டையும் தனித்தனி வரிசையா எழுதுங்க, வித்தியாசத்த மட்டும் எழுதினா இது கண்ணுல படாது. 2024ல அதே அமேதிய காங்கிரஸ் 1.67 லட்சத்துல திரும்ப எடுத்துடுச்சு.

பெரிய மார்ஜினா இருந்தா போட்டி நடந்துச்சான்னும் பாருங்க. 2024ல இந்தூர்ல பாஜக 11.75 லட்சம் வித்தியாசத்துல ஜெயிச்சது. காங்கிரஸ் வேட்பாளர் மனுவ வாபஸ் வாங்கிட்டார், ரெண்டு லட்சம் பேருக்கு மேல நோட்டாவுக்கு போட்டாங்க, அது ரெண்டாவதா வந்த வேட்பாளர் ஓட்ட விட ரொம்ப ஜாஸ்தி. இந்த மாதிரி நம்பர உங்க கணக்குல சேர்க்காதீங்க.

ஒரு தொகுதியோட பழைய கணக்கு எடுக்கும்போது 2009க்கு முன்னாடி போகாதீங்க, தொகுதி மறுசீரமைப்புல எல்லைகள் மாறிடுச்சு, சிவகாசி மக்களவை தொகுதியே போய் விருதுநகர் வந்துச்சு.

கடைசியா, நேரம் இருந்தா மாநில தலைமை தேர்தல் அதிகாரி தளத்துல ஃபார்ம் 20 இருக்கும், பூத் வாரியா ஓட்டு எண்ணிக்கை. நம்ம ஊர் தொகுதிக்கு ஆறு சட்டமன்ற பகுதி, ஆறையும் தனியா கூட்டி பாருங்க. ஆறுலயும் லீடிங் இருந்தா ஒரு கதை, ரெண்டுல மட்டும் அள்ளிட்டு மீதி நாலுல இழுபறின்னா அங்க ஒரு பலமான உள்ளூர் வேட்பாளர் நின்னாலே அடுத்த தடவை ஆட்டம் மாறலாம்.